மரமா, புல்லா?

தேக்கின் அடியைக் குறுக்கே அறுத்தால் உட்பகுதி வயிரம் பாய்ந்திருப்பதைக் காணலாம், வளையங்களும் தெரியும். தென்னையில் நிலை வேறு. வெளிப்புறமே உறுதியானது, உள்ளே மென்மையான சோறு இருக்கும். வளையங்கள் இல்லை.

இவ்வேறுபாட்டைத் தொல்காப்பியர் மரபியலில் குறித்துள்ளார். புறத்தே வயிரம் உடையது புல். அகத்தே வயிரம் உடையது மரம். அவ்வாறாயின், வானளாவ நிற்கும் பனையும் தென்னையும் புல்லே! ஓலை, மடல், பாளை, ஈர்க்கு என்பன புல்லுக்குரிய உறுப்புப் பெயர்கள். இலை, தளிர் முதலியன மரத்துக்குரியன. இன்றும் நாம் தென்னையிலை என்பதில்லை, தென்னையோலை என்றே சொல்கிறோம்.

வெட்டிய வேம்பு மீண்டும் துளிர்க்கும். தென்னைக்கோ உச்சியில் ஒரே குருத்து. அதனை இழந்தால் பட்டுப்போகும்.

தாவரவியலார் விதையிலையை நோக்கி வகுத்தனர். பனை, தென்னை, மூங்கில், உலகின் மிகப் பெரிய விதையைத் தரும் சீசெல்சுத் தீவுகளின் இரட்டைத்தேங்காய்ப் பனை ஆகிய யாவும் ஒருவித்திலைத் தாவரங்கள். தேக்கும் வேம்பும் இருவித்திலைத் தாவரங்கள். இரு பகுப்புகளும் பெரிதும் ஒத்துள்ளமை வியப்பிற்குரியது. எனினும் முற்றும் ஒன்றல்ல. இமயத்துத் தேவதாரு அகத்தே வயிரம் உடையது. ஆனால் இருவித்திலைத் தாவரம் அன்று.

பயிற்சி: உங்கள் பள்ளி வளாகத்தில் நிற்பவற்றுள் தொல்காப்பியர் புல் என்பவை எவை?