கடைசலில் பிறந்த யானை

பொம்மசந்திராவில் தொழிற்சாலைகள் அதிகம். பல பட்டறைகளில் லேத்து ஓடுகிறது. லேத்தைத் தமிழில் கடைசல் இயந்திரம் என்கிறோம். இரும்புத் துண்டு அதில் வேகமாகச் சுற்றும். கூரான கருவி அதைச் சீவும். இப்படித்தான் ஷாப்ட்டும் புஷ்ஷும் பிறக்கின்றன.

அதே கடைசலில் யானையும் பிறக்கும். கிளியும் பிறக்கும். ஆனால் அவை இரும்பில் அல்ல, மரத்தில் பிறக்கும்.

இந்த வேலைக்குப் பெயர் பெற்ற ஊர் சன்னபட்டணா. பெங்களூரிலிருந்து மைசூர் போகும் சாலையில் சுமார் 60 கிலோமீட்டரில் இருக்கிறது. பொம்மைக்குக் கன்னடத்தில் கொம்பெ என்று பெயர். அதனால் இவ்வூரைக் 'கொம்பெகள ஊரு' என்பார்கள். திப்பு சுல்தான் பாரசீகக் கலைஞர்களை அழைத்து வந்து இத்தொழிலைக் கற்பித்தார் என்றும் சொல்வார்கள்.

சூடு செய்யும் வேலை

இந்தப் பொம்மைகளுக்கு உகந்தது வெட்பாலை மரம். இதன் கட்டை வெள்ளையாக இருக்கும். கடைவதற்கு மென்மையாக இருக்கும். மரத்தை முதலில் நன்றாகக் காய வைப்பார்கள். பிறகு துண்டு போட்டுக் கடைவார்கள். முன்பு கையால் இயக்கும் கடைசல் இருந்தது. இப்போது பெரும்பாலும் மின்சாரக் கடைசல்தான். பெண்களும் இந்த வேலை செய்கிறார்கள்.

வண்ணம் பூசத் தூரிகை வேண்டாம். வண்ணம் கலந்த அரக்குக் குச்சி போதும். சுற்றும் மரத்தின்மேல் குச்சியை வைத்து அழுத்துவார்கள். உராய்வதால் சூடு பிறக்கும். அரக்கு இளகி மரத்தில் ஒட்டிக்கொள்ளும். பிறகு காய்ந்த தாழை ஓலையால் தேய்ப்பார்கள். பளபளப்பு வந்துவிடும்.

இரும்புப் பட்டறையில் சூடு ஒரு தொல்லை. அதைத் தணிக்கக் கூலன்ட் ஊற்றுவார்கள். அரக்குக் கடைசலிலோ சூடுதான் துணை.

அரக்கு ஒரு சிறு பூச்சி தரும் பிசின். அதில் மஞ்சள், அவுரி போன்ற இயற்கைச் சாயங்களைச் சேர்ப்பது உண்டு.

வேடிக்கை எங்கே இருக்கிறது?

கடைசலில் உருண்டை வரும். உருளை வரும். வளையம் வரும். சதுரம் வராது. பிறகு யானை எப்படி வந்தது?

உடலுக்கு ஒரு பெரிய உருண்டை. தலைக்கு ஒரு சிறிய உருண்டை. கால்களுக்கு நான்கு உருளைகள். இவற்றைச் சேர்த்தால் யானை! உண்மை யானையைப் போல அது இருக்காது. ஆனாலும் குழந்தை பார்த்ததும் "யானை!" என்று சிரிக்கும். கருவியால் முடியாததை விட்டார்கள். முடிந்ததைக் கொண்டே அழகு செய்தார்கள். அதனால் கூர்முனை இல்லை. குழந்தையின் கையைக் கீறாது.

வேடிக்கைக்குப் பின்னால் எப்போதும் ஒரு யோசனை இருக்கும். தஞ்சாவூர்ச் சாய்ந்தாடும் பொம்மையைத் தள்ளிப் பாருங்கள். விழாது. எழுந்து நிற்கும். அதன் அடிப்பகுதி வளைவானது, கனமானது. அதுதான் காரணம்.

இழுவண்டியின் சக்கரத்தில் துளையை நடுவில் போடாமல் சற்றுத் தள்ளிப் போட்டால் என்ன ஆகும்? வண்டி குதித்துக் குதித்துப் போகும். பட்டறையில் அது தவறு. பொம்மையில் அதுவே விளையாட்டு.

பொம்மை மட்டும் அல்ல

மலிவான பிளாஸ்டிக் பொம்மைகள் சந்தையில் நிறைந்தன. மரப் பொம்மைகளுக்குப் போட்டி கூடியது. கைவினைஞர்கள் வேறு பொருள்களும் செய்தார்கள். வளையல், சாவிக் கொத்து, பென்சில் தாங்கி, குங்குமச் சிமிழ் என்று வீட்டுப் பொருள்களிலும் அதே வண்ணமும் உருண்டையும் வந்தன.

2005-06ஆம் ஆண்டில் சன்னபட்டணா பொம்மைகளுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. வேறு இடத்தில் செய்த பொருளை இந்த ஊர்ப் பெயரில் விற்கக் கூடாது என்பது இதன் பொருள்.

வாயில் வைக்கும் குழந்தை

சின்னக் குழந்தை பொம்மையைக் கையால் மட்டும் பார்ப்பதில்லை. வாயாலும் பார்க்கும். சில பெயிண்டுகளில் ஈயம் இருக்கும். ஈயம் உடலில் சேர்ந்தால் மூளை வளர்ச்சி கெடும். கொஞ்சம் சேர்ந்தாலும் கெடுதல்தான். மரப் பொம்மை என்பதால் மட்டும் நம்பிவிடக் கூடாது. மரத்துக்கும் பெயிண்டு அடிக்கிறார்கள். கடையில் கேட்டு வாங்க வேண்டும்.

"அண்ணா, இதுல போட்டிருக்கிறது அரக்கா, பெயிண்டா?"

"பெயிண்டுதாம்மா. விலை கம்மி."

"கைக்குழந்தைக்கும்மா வேணும். அரக்குப் போட்டது இருந்தா காட்டுங்க."

இப்படிக் கேட்பதில் வெட்கம் வேண்டாம். கேட்பது வாங்குபவரின் உரிமை. உண்மை அரக்கு வேலை செய்பவருக்கும் இது உதவி. கேட்டு வாங்கும் ஆள் இருந்தால்தான் அவர் தொழில் நிலைக்கும்.

முத்திரையைப் படியுங்கள்

2021 ஜனவரி 1 முதல், 14 வயதுக்கு உட்பட்ட குழந்தைகளின் பொம்மைகளுக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம். பதிவு செய்த கைவினைஞர்களின் பொம்மைகளுக்கும், புவிசார் குறியீட்டில் பதிவானவர்கள் செய்யும் பொம்மைகளுக்கும் விலக்கு உண்டு.

மற்ற பொம்மைகளின் பெட்டியில் இவற்றைத் தேடுங்கள்:

1. ஐ.எஸ்.ஐ. முத்திரை இருக்கிறதா? சாதாரணப் பொம்மை என்றால் முத்திரையின் மேலே 9873 என்ற எண் இருக்கும். கீழே உரிம எண் இருக்கும்.

2. எந்த வயதுக் குழந்தைக்கு என்று போட்டிருக்கிறதா?

3. சிறு துண்டுகள் கழன்று வருகின்றனவா? வந்தால் குழந்தையின் தொண்டையில் சிக்கும்.

4. நகத்தால் சுரண்டினால் வண்ணம் உரிகிறதா? உரிந்தால் வாங்க வேண்டாம்.

எழுத்தும் எண்ணும் அறிந்தவருக்கு இது ஒரு நிமிட வேலை. அந்த ஒரு நிமிடம் குழந்தையைக் காக்கும்.

கலந்து பேசுங்கள்

1. கடைசலில் என்னென்ன வடிவங்கள் வரும்? அவற்றைச் சேர்த்து ஒரு கிளியை எப்படிச் செய்யலாம்? வரைந்து பாருங்கள்.

2. சூடு எந்த வேலைக்குத் தொல்லை? எந்த வேலைக்குத் துணை?

3. உங்கள் வீட்டில் இருக்கும் ஒரு பொம்மையை எடுங்கள். மேலே சொன்ன நான்கையும் பாருங்கள். கண்டதை நான்கு வரிகளில் எழுதுங்கள்.