தம்மையா, அவரையா?

ஈப்போ மாணவன் ஒருவன், சுங்கை சிப்புட் தோட்டத்தில் பால்மரம் சீவிய தன் தாத்தாவைப் பற்றி ஆங்கிலத்தில் எழுதுகிறான் என்போம். 'தாத்தா கத்தியால் தம்மைக் காயப்படுத்திக்கொண்டார்' என்பதற்கு 'ஹிம்செல்ஃப்' வேண்டும். 'ஹிம்' என்று எழுதினால், தாத்தா வேறொருவரைக் காயப்படுத்தியதாகிவிடும். விபத்து குற்றமாகிறது!

'தம்மை' பாட்டிக்கும் பொருந்தும். ஆங்கிலத்திலோ அவருக்கு 'ஹெர்செல்ஃப்'. தன்மையில் கூடுதல் கவனம் தேவை. 'நான் என்னை அறிமுகப்படுத்திக்கொள்கிறேன்' என்னும்போது 'மீ' ஆகாது, 'மைசெல்ஃப்' வேண்டும். ஆனால், 'மைசெல்ஃப் குமரன்' என அதை எழுவாயாக்குவது பிழை.

பலரை ஏமாற்றும் வாக்கியம் இன்னொன்று உண்டு: 'தாம் நாளை வருவதாகத் தாத்தா சொன்னார்.' இங்குள்ள 'தாம்' ஆங்கிலத்தில் வெறும் 'ஹி'.