கடினம் எங்கே உளது?

பட்டயக் கணக்கர் இறுதித் தேர்வில் எப்பாடம் மிகக் கடினம் என வினவின், மாணவர் பெரும்பாலோர் வரிச் சட்டத்தையே சுட்டுவர். ஆண்டுதோறும் நிதிச் சட்டம் மாற்றங்களைக் கொணர்கிறது; 1961ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்திற்கு மாற்றாக 2025இல் புதிய சட்டமே இயற்றப்பட்டது. எனினும் அப்பாடம் பெரிதும் நினைவாற்றலுக்கு உற்ற சோதனையே. என் கருத்தில் அதனினும் அரியது நிதி அறிக்கையிடல்.

சான்றாக, ஒரு நிறுமம் மற்றொன்றின் பங்குகளில் 80 விழுக்காட்டை 100 இலட்சம் ரூபாய்க்கு வாங்குகிறது. வாங்கப்பட்ட நிறுமத்தின் நிகரச் சொத்து 110 இலட்சம். நூறு கொடுத்து நூற்றுப்பத்து பெற்றதால் ஆதாயம் என எழுதிவிடுவோர் பலர். எஞ்சிய 20 விழுக்காடு பிறருடையது அன்றோ? நிகரச் சொத்தில் அவர்தம் பங்கான 22 இலட்சத்தைக் கூட்டின் 122. அதனின்று 110 கழிய, 12 இலட்சம் நற்பெயர். கூட்டலும் கழித்தலும் எளியன. யாருடைய உடைமையை யார் கணக்கில் காட்டுகிறோம் என்னும் தெளிவே அரிது.

தணிக்கையை எளிதென்று கருதி இறுதி வாரத்திற்கு ஒதுக்குவாரும் உளர். முதல் தொகுதியின் மூன்று தாள்களுள் இரண்டில் எழுபது எழுபதாகப் பெற்று, தணிக்கையில் 38 மட்டுமே எடுத்தவர், மொத்தம் 178 பெற்றும் அத்தொகுதியில் தேறார். மொத்தத்தில் 50 விழுக்காடு மட்டும் போதாது. தாள்தோறும் 40 வேண்டும். அறுபதும் அதற்கு மேலும் பெற்ற தாள்களுக்கு விலக்கு உண்டென்பதால், அவர் அடுத்த முறை எழுத வேண்டியது தணிக்கை ஒன்றே.