நன்னூல் கண்ட ஆசிரியரும் சட்டம் கண்ட ஆசிரியரும்

முன்னுரை

‘ஆசிரியர்’ என்னும் சொல்லுக்கு ‘ஆசு இரியச் செய்பவர்’, அதாவது குற்றம் நீங்கச் செய்பவர் என்று பொருள் கூறுவது தமிழறிஞர் மரபு. பிறர் குற்றம் நீக்கும் பொறுப்பை ஏற்றவர், தம் தொழிலில் குற்றம் நேராவண்ணம் காத்துக்கொள்ளவும் கடமைப்பட்டவர் ஆவார். அக்கடமையை அளக்கும் கோல்கள் இரண்டு. ஒன்று, தொன்றுதொட்டு வரும் அறம். மற்றொன்று, நாடாளுமன்றமும் நீதிமன்றமும் வகுத்த சட்டம். இவ்விரண்டும் எங்கெங்கு ஒன்றுபடுகின்றன, சட்டம் எவ்விடத்தில் ஒரு படி மேற்செல்கின்றது என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும். தமிழ் பயிலும் மாணவருள் பலர் நாளை பள்ளி ஆசிரியராகப் பணியேற்கவிருப்பவர் என்பதால், இவ்வாராய்ச்சி நமக்கு ஏட்டளவில் நின்றுவிடுவது அன்று.

நன்னூல் காட்டும் நால்வகை உவமை

கி.பி. 13 ஆம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் இயற்றிய நன்னூல், எழுத்தையும் சொல்லையும் கூறத் தொடங்கும் முன்பே, பொதுப்பாயிரத்தில் ஆசிரியர்க்கு இலக்கணம் கூறுகின்றது. நல்லாசிரியர்க்கு நிலம், மலை, நிறைகோல், மலர் ஆகிய நான்கும் உவமைகள். நிலம் பொறுமைக்கும், மலை அளக்கலாகாக் கல்விப் பெருக்கத்திற்கும், நிறைகோல் நடுவுநிலைமைக்கும், மலர் முகமலர்ச்சிக்கும் உவமையாயின.

ஆசிரியர் ஆகாதார்க்கும் அந்நூல் உவமை கூறுகின்றது என்பது நாம் கருதத்தக்கது. கழற்காய் பெய்த குடம், போட்ட முறையின்றி வந்தபடியே கொட்டும். கருக்கு நிறைந்த மடலையுடைய பனை, தன்பால் எவரையும் அணுகவிடாது. பஞ்சு திணித்த குண்டிகை, கொள்வதும் அரிது, கொடுப்பதும் அரிது. வளைந்த தென்னையோ, ஒருவர் நீர் வார்க்க, வேலிக்கு அப்பால் மற்றொருவர் முற்றத்தில் காயை உதிர்க்கும். ஏறத்தாழ 8 நூற்றாண்டுகள் கடந்த பின்னரும் இந்நான்கும் நம் வகுப்பறைகளை விட்டு நீங்கவில்லை.

சட்டம் வகுத்த கடமைகள்

குழந்தைகளுக்கு இலவசக் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் 2009 இல் நிறைவேறி, 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. 6 முதல் 14 வயது வரையுள்ள குழந்தைகளின் கல்வியைப் பற்றிய இச்சட்டத்தின் 24 ஆம் பிரிவு, ஆசிரியரின் கடமைகளை வரிசைப்படுத்துகின்றது. காலந்தவறாது பள்ளிக்கு வருதல். பாடத்திட்டத்தை உரிய காலத்தில் முடித்தல். ஒவ்வொரு குழந்தையின் கற்கும் திறனை மதிப்பிட்டுத் தேவையானவர்க்குக் கூடுதலாகப் பயிற்றுதல். பெற்றோரை அவ்வப்போது சந்தித்து அவர்தம் குழந்தையின் வருகை, கற்றல், முன்னேற்றம் பற்றி உரைத்தல் ஆகியன அவற்றுள் சில. தவறுவோர் மீது ஒழுங்கு நடவடிக்கை எடுக்கலாம். எனினும், தம் தரப்பை எடுத்துரைக்க அவர்க்கு வாய்ப்பளித்த பின்னரே எடுத்தல் வேண்டும் என்று அப்பிரிவே ஆசிரியரையும் காக்கின்றது.

கேட்போன் கொள்ளும் திறமறிந்து பாடஞ்சொல்ல வேண்டும் என்பது நன்னூலின் கருத்து. திறனை மதிப்பிட்டுக் கூடுதலாகப் பயிற்றுக என்னும் சட்டமும் அதனையே கூறுகின்றது. 28 ஆம் பிரிவு, ஆசிரியர் எவரும் தனிப்பயிற்சி நடத்துதல் ஆகாது என்கிறது. பள்ளியில் ஊதியம் பெற்று, பாடத்தின் சாரத்தை மாலை வேளையில் கட்டணம் செலுத்துவோர்க்கென ஒதுக்கிவைப்பவர் வளைந்த தென்னையே அல்லரோ? நீர் வார்த்த முற்றத்தில் ஏழைக் குழந்தை வெறுங்கையுடன் நிற்கின்றது.

பிரம்பும் சட்டமும்

அடியாத மாடு பணியாது என்னும் பழமொழியைப் பிள்ளைகளுக்கும் பொருத்திப் பேசும் வழக்கம் நம்மிடையே உண்டு. சட்டம் அதனை ஏற்பதில்லை. தில்லிப் பள்ளி விதிகளில் இருந்த உடல் தண்டனைக்கான இடத்தைத் தில்லி உயர்நீதிமன்றம் 2000 இல் நீக்கியது. தமிழ்நாட்டுக் கல்வி விதிகளில் 51 ஆம் விதி 2003 இல் திருத்தப்பட்டு, உடலையோ உள்ளத்தையோ வருத்தித் திருத்தும் முறை விலக்கப்பட்டது. பின்னர் வந்த கல்வி உரிமைச் சட்டத்தின் 17 ஆம் பிரிவு, உடல் தண்டனையை மட்டுமன்றி, மனத்தைத் துன்புறுத்துவதையும் தடுக்கின்றது. சாதியையோ வறுமையையோ உடற்குறையையோ சுட்டி வகுப்பில் இகழ்தல் பிரம்படியினும் ஆழமான காயம் என்பதைப் பட்டவர் அறிவர்.

இவ்விடத்தில் ஓர் ஐயம் எழலாம். தண்டனை இல்லையேல் ஒழுங்கு எங்ஙனம் நிலைக்கும்? சட்டம் ஒழுங்கைக் கைவிடச் சொல்லவில்லை. பெற்றோரை அழைத்துப் பேசுதல், இருக்கையை மாற்றுதல், பொறுப்பொன்றை ஒப்படைத்தல், தனியே அமர்த்திக் காரணம் வினவுதல் முதலிய வழிகள் திறந்தே உள்ளன. கருக்கு மடல் கொண்ட பனையின் அடியில் நிற்க எக்குழந்தையும் விரும்பாது. அணுக அஞ்சும் ஆசிரியரிடம் எக்குழந்தையும் ஐயமும் கேளாது.

காக்கும் கடமை

கற்பித்தலுக்கு அடுத்தது காத்தல். 1995 இல் பள்ளிச் சுற்றுலா சென்ற மாணவர் 14 பேர் பியாஸ் ஆற்றில் மூழ்கி இறந்தனர். அவ்வழக்கில் 2001 இல் தீர்ப்பளித்த உச்சநீதிமன்றம், தம் பொறுப்பில் உள்ள குழந்தைகளைக் காக்கும் கடமை பள்ளிக்கும் உடன்சென்ற ஆசிரியர்க்கும் உண்டு என்பதை உறுதிசெய்து, குழந்தை ஒவ்வொன்றுக்கும் 5 இலட்சம் ரூபாய் இழப்பீடு வழங்கிய உயர்நீதிமன்ற ஆணையை நிலைநிறுத்தியது.

2004 சூலை 16 ஆம் நாள் கும்பகோணத்தில் பள்ளித் தீயில் 94 குழந்தைகள் மாண்டதைத் தமிழகம் மறவாது. சத்துணவுச் சமையற்கூடத்தில் எழுந்த தீ கூரைக் கொட்டகைக்குத் தாவியது. 2009 இல் உச்சநீதிமன்றம், கல்வி பெறும் உரிமை என்பது பாதுகாப்பான பள்ளியில் கல்வி பெறும் உரிமையே என்று கூறி, தீப்பாதுகாப்பு விதிகளைப் பள்ளிகள் கைக்கொள்ளுமாறு பணித்தது. ஆதலின், பூட்டிய படிக்கட்டுக் கதவையும் பழுதுற்ற மின்கம்பியையும் கண்டு எழுத்து வழியாகத் தலைமையாசிரியர்க்கு அறிவிப்பதும் ஆசிரியப் பணியின் ஒரு கூறேயாகும்.

வாய் திறக்கும் கடமை

இதுவரை கூறியவற்றுள் அறமும் சட்டமும் பெரிதும் ஒன்றுபடுகின்றன. நன்னூல் ஆசிரியர்க்கும் மாணாக்கர்க்கும் இடையேயுள்ள உறவை மட்டுமே பேசுகின்றது. உடன் பணியாற்றும் ஒருவரால் குழந்தைக்குத் தீங்கு நேரின் என்செய்வது என்னும் வினா அங்கே எழவில்லை. இன்று அது எழுந்துள்ளது. விடை கூறுவது சட்டமே.

பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைப் பாதுகாக்கும் சட்டம், அஃதாவது போக்சோ சட்டம், 2012 நவம்பர் 14 முதல் நடைமுறையில் உள்ளது. 18 வயது நிரம்பாத அனைவரும் இதன்படி குழந்தைகளே. குற்றம் நிகழ்ந்ததை அறிந்தவரும், நிகழக்கூடும் என அஞ்சுபவரும், யாவராயினும், காவல் நிலையத்திற்கோ சிறார் காவற் பிரிவிற்கோ தெரிவித்தே ஆதல் வேண்டும் என்பது 19 ஆம் பிரிவு. தெரிவிக்கத் தவறின் 6 மாதம் வரை சிறையோ, அபராதமோ, இரண்டுமோ விதிக்கலாம். தம்கீழ்ப் பணிபுரிபவர் செய்த குற்றத்தை மறைக்கும் நிறுவனப் பொறுப்பாளர்க்கு ஓராண்டு வரை சிறையும் அபராதமும் உண்டு. நல்லெண்ணத்துடன் தகவல் தந்தவர் மீது வழக்குத் தொடுக்க இயலாது. மராட்டிய மாநிலத்தில் ஒரு பள்ளி விடுதி மாணவியர்க்கு மருத்துவம் பார்த்தவர் தெரிவிக்கத் தவறினார் என்று தொடுக்கப்பட்ட வழக்கு உயர்நீதிமன்றத்தில் தள்ளுபடியானது. 2022 இல் உச்சநீதிமன்றம் அதற்கு மீண்டும் உயிரளித்து, உரிய காலத்தில் தெரிவிப்பதன் இன்றியமையாமையை வலியுறுத்தியது.

குழந்தை ஒன்று நம்மிடம் வந்து கூறத் தொடங்கினால் முதலில் அமைதியாகக் கேட்டல் வேண்டும். ‘எவரிடமும் சொல்லமாட்டேன்’ என்று வாக்களித்தல் கூடாது. மீண்டும் மீண்டும் வினவுவதும், குற்றஞ்சாட்டப்பட்டவர் எதிரில் நிறுத்துவதும் தீங்கே. அது கூறிய சொற்களை அவ்வண்ணமே எழுதிவைத்து, தலைமையாசிரியர்க்குத் தெரிவிக்கலாம். ஆயினும் அதனோடு நம் கடமை முடிவதில்லை. காவல்துறைக்குச் செய்தி சென்றதா என்பதை உறுதிசெய்துகொள்ள வேண்டும். குழந்தைகள் உதவி எண் 1098 துணைநிற்கும். குழந்தையின் பெயரை ஆசிரியர் அறையில் பேசுபொருளாக்குதல் மற்றொரு கொடுமை.

சிறுபான்மை நிறுவனங்களும் பொறுப்பும்

கல்வி உரிமைச் சட்டம் சிறுபான்மையினர் பள்ளிகளுக்குப் பொருந்தாது என 2014 இல் உச்சநீதிமன்ற அரசியல் சாசன ஆயம் தீர்ப்பளித்தது. அத்தீர்ப்பை மறுபடி ஆராய வேண்டும் எனக் கருதிய வேறோர் ஆயம், 2025 இல் அதனைத் தலைமை நீதிபதியின் முன் வைக்கப் பணித்தது. முடிவு எவ்வாறாயினும், அச்சட்டத்திலிருந்து கிடைக்கும் விலக்கு கடமையிலிருந்து கிடைத்த விலக்கன்று. போக்சோ சட்டமும், குழந்தையைக் கொடுமைப்படுத்துவோரைத் தண்டிக்கும் 2015 ஆம் ஆண்டுச் சிறார் நீதிச் சட்டமும் எல்லாப் பள்ளிகளுக்கும் பொதுவானவை. அரசியல் சாசனத்தின் 30 ஆம் பிரிவு தரும் நிருவாக உரிமை, சீர்கேடாக நிருவகிக்கும் உரிமை ஆகாது என்று 1958 இலேயே உச்சநீதிமன்றம் கூறியுள்ளது. நற்பெயர் கெடுமே என்று உண்மையை மூடும் நிறுவனம், இறுதியில் பெயரையும் இழக்கும், குழந்தையையும் இழக்கும். சமுதாயம் அரும்பாடுபட்டு எழுப்பிய பள்ளிக்குப் பெருமை, அங்கே ஒரு குழந்தை அச்சமின்றிப் பேச முடிவதே.

முடிவுரை

சட்டம் இதற்குக் கீழ் இறங்காதே என்று கோடு கிழிக்கின்றது. அறம் இதற்கு மேல் எழுக என்று அழைக்கின்றது. கோட்டைத் தாண்டாதவர் தண்டனைக்குத் தப்பலாம். நல்லாசிரியர் ஆகிவிட இயலாது. நிலத்தின் பொறுமையும் நிறைகோலின் நடுநிலையும் நம்மிடம் அமையட்டும். எனினும் நிலத்தின் பொறுமை குழந்தையின் பிழைக்கு உரியது. குழந்தைக்கு இழைக்கப்படும் தீங்கிற்கு உரியதன்று. இவ்வேறுபாட்டை உணர்ந்து பேசவேண்டிய இடத்தில் பேசுபவரையே, அறமும் சட்டமும் ஒருசேர ஆசிரியர் எனப் போற்றும்.