பிறந்தநாளுக்கு ஒரு நாடகம்

லண்டன் மாநகரில் குழந்தையின் பிறந்தநாளை நாடகத்தோடு கொண்டாட விரும்பும் பெற்றோர், லைசியம் அரங்கில் 1999 முதல் நடைபெற்றுவரும் ‘தி லயன் கிங்’கின் பிரம்மாண்டமான காட்சிகளுக்கு மனத்தைப் பறிகொடுத்து உடனே சீட்டு வாங்கிவிடுவது இயல்பே; ஆயினும், இரண்டரை மணி நேர ஆட்டமும், தந்தைச் சிங்கம் மாண்டுபோகும் காட்சியும் நான்கு வயதுக் குழந்தைக்குப் பெரும் பாரமென்பதே என் திடமான அபிப்பிராயம். அத்தகைய இளம் பிராயத்தினருக்கு, 1961-இல் இஸ்லிங்டனில் தோன்றிய லிட்டில் ஏஞ்சல் பொம்மலாட்ட அரங்கு போன்ற சிற்றரங்கில், ஒரு மணி நேரத்துக்குள் முடிவுறும் பகற்காட்சியே உசிதமானது. விளம்பரத்தில் கண்டிருக்கும் வயது வரம்பை அலட்சியம் செய்யலாகாது. நடைபாதையோர இருக்கையைக் கேட்டு வாங்குங்கள். கதையின் சாராம்சத்தை முன்தினமே சொல்லிவையுங்கள், விளக்குகள் திடீரென அணையும் என்பதையும் சேர்த்து.