வரைபடத்தில் உண்டு, வீட்டில் இல்லை

கேள்வி: என் மகள் அமெரிக்காவில், அயோவா மாநிலத்துக் கிராமப்புறத்தில் வீடு வாங்கியிருக்கிறாள். அந்த முகவரிக்கு ஃபைபர் இணையம் உண்டு என்கிறது அரசாங்க வரைபடம். நிறுவனமோ, ‘உங்கள் பக்கம் இன்னும் லைன் போடவில்லை’ என்கிறது. அரசாங்கக் கணக்கே தப்பாகுமா? - ஒரு வாசகர், தஞ்சாவூர்

பதில்: ஆகும். அது அரசாங்கம் ஆள் அனுப்பி எடுத்த கணக்கு அல்ல. இணைய நிறுவனங்கள் எழுதிக் கொடுப்பது.

முன்பு இன்னும் மோசம். மத்தியத் தகவல்தொடர்பு ஆணையமான எஃப்.சி.சி., ‘படிவம் 477’ என்ற ஒன்றை நிரப்பச் சொல்லும். மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்காகப் பிரித்த சிறு வட்டாரம் ஒன்றில் ஒரே ஒரு வீட்டுக்கு இணைப்பு தர முடிந்தால் போதும், வட்டாரம் முழுக்க வசதி உண்டு என்று கணக்கு. நகரத்தில் வட்டாரம் என்பது நாலு தெருவுக்குள் அடங்கிவிடும். பண்ணை நாட்டில் அது பல சதுர மைல். யாரும் பொய் சொல்லத் தேவையே இல்லை, விதியே சொல்லிவிடும். போதாக்குறைக்கு, சிறிய நிறுவனம் ஒன்று எட்டு மாநிலங்களில் சுமார் 6.2 கோடிப் பேருக்கு ஃபைபர் தர முடியும் என்று எழுதிக் கொடுக்க, அது ஆணையத்தின் வரைவு அறிக்கைக்குள்ளும் ஏறிவிட்டது. 2019-ல் அதைக் கண்டுபிடித்தது ஆணையம் அல்ல, ‘ஃப்ரீ பிரஸ்’ என்ற தன்னார்வ அமைப்பு!

விதியை மாற்றும் யோசனையை ஆணையம் 2017-லேயே முன்வைத்தது. 2020-ல் நாடாளுமன்றம் சட்டம் போட்ட பிறகுதான் வேலை வேகம் பிடித்தது. 2022 நவம்பரில் வந்த புதிய வரைபடத்தில் ஒவ்வொரு கட்டடமும் தனிப் புள்ளி. இணைய வசதிக்கான 4,245 கோடி டாலர் மானியத்தை மாநிலங்களுக்குப் பிரித்ததும் இதை வைத்துத்தான். ஆனால் வேகம் என்று அதில் இருப்பது இன்றும் நிறுவனம் விளம்பரப்படுத்தும் வேகமே. என்னைக் கேட்டால், பெரிய ஓட்டை அதுதான்.

உங்கள் மகள் அந்த வரைபடத்திலேயே ஆட்சேபம் பதிவு செய்யலாம். விண்ணப்பித்த 10 வேலை நாட்களுக்குள் இணைப்பு தர முடியாவிட்டாலோ, வழக்கமான கட்டணத்துக்கு மேல் கேட்டாலோ, அங்கே வசதி இல்லை என்றே பொருள். நிறுவனம் 60 நாளில் ஒப்புக்கொள்ள வேண்டும், அல்லது மறுத்துப் பதில் தர வேண்டும். போனில் சொன்னது மட்டும் போதாமல் போகலாம். ‘முடியாது’ என்பதை மின்னஞ்சலில் வாங்கிக்கொள்ளச் சொல்லுங்கள்.