சிறுகோள்களின் ஒளியும் கல்லும்

குற்றாலச் சாரற்காலத்தில் அருவித் திவலைகளிற் கதிரவன் ஒளி பட்டு வானவில் தோன்றுதலை வடகரையாராகிய நாம் பன்முறை கண்டுளோம். வெள்ளொளி இவ்வாறு பல நிறங்களாகப் பிரிந்து நிற்கும் வரிசையை நிறமாலை என்பர். அதனைக் கொண்டு, எட்டாத் தொலைவிலுள்ள சிறுகோள்கள் எத்தகைய கல்லால் ஆயவை என அறிஞர் ஆராயும் முறையை ஈண்டுச் சுருங்க உரைப்பாம்.

செவ்வாய்க்கும் வியாழனுக்கும் இடையே ஞாயிற்றைச் சுற்றிவரும் சிறுகோள்கள் மிகப் பல. அவற்றுள் ஒன்றை 1861-ஆம் ஆண்டில் சென்னை வானாராய்ச்சி நிலையத்திலிருந்து நார்மன் போக்சன் என்பார் கண்டார். ஆசியாக் கண்டத்திலிருந்து முதன்முதற் கண்டறியப்பட்டது அதுவாதலின், ‘ஏசியா’ எனப் பெயரிட்டார். 1866-இல் ‘சில்வியா’ என்பதனையும் அவரே கண்டார். தொலைநோக்கியில் இரண்டும் விண்மீன் போன்ற புள்ளிகளே. ஆயினும் அவற்றின் நிறமாலைகள் வேறுபடுகின்றன.

சிறுகோளுக்குத் தன்னொளி இல்லை; ஞாயிற்றின் ஒளியையே அது திருப்பி வீசுகின்றது. அங்ஙனம் வீசுமுன், மேற்பரப்பிலுள்ள கனிமங்கள் அவ்வொளியிற் சில பகுதிகளை விழுங்கிவிடுகின்றன. ஆதலின் சிறுகோளின் நிறமாலையை ஞாயிற்றின் நிறமாலையால் வகுத்துப் பார்ப்பின், எஞ்சுவது கல்லின் இயல்பேயாம். இரும்பு கலந்த ஆலிவின், பைராக்சீன் என்னுங் கனிமங்கள் ஒரு மைக்ரான் அலைநீளத்தையடுத்து ஒளியை உண்ணும். கோட்டுப்படம் வரைந்தால், கண்ணுக்குப் புலனாகாத அந்த அகச்சிவப்புப் பகுதியில் ஒரு பள்ளம் தோன்றும். ஏசியா இத்தகைய கல்வகைச் சிறுகோள். சில்வியாவோ கரிபோல் இருண்டது. தன்மேற்படும் ஒளியில் நூற்றுக்குப் பத்துப் பங்கினையும் திருப்பாதது.

இந்நிலையில் ஓர் ஐயம் எழுந்தது. புவியில் விழும் விண்கற்களுட் பெரும்பாலானவற்றின் நிறமாலையும் கல்வகைச் சிறுகோள்களின் நிறமாலையும் முற்றும் ஒத்தில. சிறுகோள்களின் ஒளியிற் செம்மை மிக்கிருந்தது. பள்ளமோ ஆழங் குறைந்திருந்தது. இவை வேறு கற்களோ எனப் பல்லாண்டு வழக்கிட்டனர். மழையும் வெயிலும் பட்ட பாறையின் மேற்புறம் கறுத்திருக்க, உளியால் உடைத்தவிடத்து உள்நிறம் வேறாய்த் தோன்றுவதை மலையடிவாரத்தார் அறிவர். அவ்வாறே ஞாயிற்றுக் காற்றும் நுண்கற்களின் மோதலும் சிறுகோளின் மேனியை மாற்றியிருத்தல் கூடும் என்றனர் சிலர்.

2005-இல் ஜப்பானியரின் ஹயபுசா விண்கலம், புவிக்கு அண்மையில் வந்துபோகும் இடோகாவா என்னுங் கல்வகைச் சிறுகோளில் இறங்கியது. 2010-இல் அதன் நுண்மணிகளைப் புவிக்குக் கொணர்ந்தது. ஆராய்ந்தபோது அம்மணிகள் விண்கற்களோடு ஒத்தன. அவற்றின் மேலேட்டில் இரும்பு மிக்க மிக நுண்ணிய துகள்களும் காணப்பட்டன. ஐயம் நீங்கிற்று.

தொட்டுப் பார்த்தாலன்றி நம்பேன் என்ற தோமாவைப்போல் அறிஞர் ஐயுற்றது குறையன்று. அவ்வையமே அவரைக் கல்லைத் தேடிச் செலுத்திற்று. இனிக் கையெட்டாத ஏனைச் சிறுகோள்களின் ஒளியையும், மேனியின் மாற்றத்தைக் கணக்கிட்டு, முன்னினும் உறுதியோடு படித்தறியலாம்.